கோமதி ஆச்சி வீட்டுக் குழு: சனிக்கிழமை வீட்டிலா, கோவிலிலா?

முத்துலட்சுமி (9:12)
எல்லாருக்கும் வணக்கம். என் பிள்ளை முகிலனுக்கு உட்காரவும் கை, காலை அசைக்கவும் பயிற்சி கொடுக்க ஆய்க்குடியிலிருந்து வரும் அக்கா சனிக்கிழமை 10 மணிக்கு வருகிறார். இந்தத் தடவை நான் மட்டும் இருந்தால் போதாதாம். பிள்ளையைத் தூக்குகிறவர்கள், குளிப்பாட்டுகிறவர்கள், சோறு ஊட்டுகிறவர்கள் எல்லாரும் இருக்க வேண்டுமாம். யார் யார் இருப்பீர்கள்?

வள்ளி (9:15)
சனியா

கணேசன் (9:20)
அன்றைக்கு முகிலனுக்கு மொட்டை இல்லையா?

கோமதி ஆச்சி (9:22)
குரல் செய்தி 3:08

இசக்கி (9:24)
மூன்று நிமிஷமா? யாராவது கேட்டுச் சுருக்கம் போடுங்கள். நான் மீட்டிங்கில் இருக்கிறேன்.

வள்ளி (9:31)
சொரிமுத்து அய்யனார் கோவிலில் மொட்டை, சனிதான் நல்ல நாள், வேன் சொல்லியாச்சு. அய்யனார் பார்த்துக்கொள்வார். செல்வமும் ஒன்றரை வயசில்தான் நடந்தான். அப்புறம் கிரகணத்தன்று யாரோ வெளியே போனதைப் பற்றி ஒரு நிமிஷம்.

முத்துலட்சுமி (9:32)
அந்தக் கிரகணம் இன்னும் விடவில்லையா.

இசக்கி (9:32)
சித்தி செம

சங்கரி (9:47)
கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அம்மாவிடம் நேரில் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன், இப்போது எழுதியும் வைக்கிறேன். பிள்ளை இரண்டு மாசம் முன்னாடியே பிறந்தான், 1.4 கிலோ. குறைமாசப் பிள்ளைகளுக்கு மூளையில் பாதிப்பு வர வாய்ப்பு அதிகம். அதனால் கை, கால் அசைவு சரியாக வராமல் போவதற்குப் பெயர் பெருமூளை வாதம். குறைமாசப் பிள்ளையின் வயதைப் பிறந்த தேதியிலிருந்து எண்ணக் கூடாது. பிரசவத்துக்கு டாக்டர் குறித்துக் கொடுத்த தேதியிலிருந்து எண்ண வேண்டும், இரண்டு வயது வரைக்கும் அப்படித்தான். அந்தக் கணக்கில் பார்த்தாலும் முகிலனுக்கு இப்போது 15 மாசம். இன்னும் தனியாக உட்காரவில்லை. தூக்கினால் இரண்டு காலும் கத்தரிக்கோல் மாதிரிப் பின்னிக்கொள்கிறது. வலது கையை மூடியே வைத்திருக்கிறான். செல்வம் தாமதமாக நடந்தது வேறு கதை. எட்டு மாசத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து என் ரிப்பனை எல்லாம் பிய்த்துப் போட்டவன் அவன்.

செல்வம் (9:50)
ரிப்பன் கதை இப்போது தேவையா அக்கா

இசக்கி (9:52)
இதெல்லாம் முதலிலேயே தெரியவில்லையா அத்தை?

சங்கரி (10:03)
தெரியாமல் என்ன. கழுத்து நிற்கவில்லை என்று முத்து அப்போதே கேட்டாள். காட்டின இடத்தில், பேர் வேண்டாம், "ரெண்டு வயசு வரை பொறுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். மூளை அதிகமாக வளைந்து கொடுக்கிற காலமே முதல் இரண்டு மூன்று வருஷம்தான், அதில் பொறுக்கச் சொன்னால் எப்படி? நல்லவேளை, அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை ஆர்.பி.எஸ்.கே. என்கிற அரசுக் குழந்தைகள் நலத் திட்டத்தின் டாக்டர் குழு வரும். 2013-லிருந்து இருக்கிற திட்டம், பிறந்த பிள்ளையிலிருந்து 18 வயது வரை பார்ப்பார்கள். நான் வேலையில் இருந்தபோது அந்த கேம்ப்புக்குத் தாய்மார்களைக் கூட்டிவருவதற்குள் தொண்டை வற்றிவிடும். அவர்கள்தான் பார்த்தவுடனே திருநெல்வேலி ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார்கள்.

கணேசன் (10:05)
👍

மாரியப்பன் (10:11)
ஒரு விளம்பரம் அனுப்பியிருக்கிறேன், எல்லாரும் பாருங்கள். ஸ்டெம் செல் ஊசி, ஆறு மாதத்தில் நடை. 3 லட்சம். பாதி நான் தருகிறேன். உங்கள் பக்கத்தில் யாரும் ஒன்றும் செய்கிற மாதிரித் தெரியவில்லை, அதனால் சொல்கிறேன்.

கணேசன் (10:12)
யார் ஒன்றும் செய்யவில்லை? இன்குபேட்டர் பில்லை யார் கட்டினது என்று உங்கள் தங்கச்சியிடம் கேளுங்கள்.

செல்வம் (10:13)
மச்சான் இங்கே வேண்டாம். ராத்திரி கூப்பிடுகிறேன்.

முத்துலட்சுமி (10:13)
அண்ணா ப்ளீஸ்.

சங்கரி (10:26)
பணம் தருகிறேன் என்று சொன்ன மனசு பெரிசுதான், மறுக்கவில்லை. ஆனால் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017-இல் போட்ட விதியில் சில ரத்த நோய்களைத் தவிர வேறு எதற்கும் ஸ்டெம் செல் அங்கீகரித்த சிகிச்சை கிடையாது. மற்றதெல்லாம் ஆராய்ச்சி. ஆராய்ச்சிக்கு வருகிறவர்களிடம் காசு வாங்கவே கூடாது. 3 லட்சம் கேட்கிறான் என்றாலே யோசித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதில் நிராமயா காப்பீட்டில் சேர்க்க வேண்டும். மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்துவது, பெருமூளை வாதத்துக்கும் உண்டு, வருஷம் 1 லட்சம் வரை, பயிற்சிச் செலவும் அதில் வரும். மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வேண்டும். செல்வம், உன் ஆதார் நகல் கேட்டு ஒரு மாசம் ஆச்சு.

செல்வம் (10:28)
இன்றைக்கு அனுப்புகிறேன்

இசக்கி (10:28)
சித்தப்பா போன மாசமும் இன்றைக்குதான்

முத்துலட்சுமி (10:40)
நான் கேட்டது சனிக்கிழமை யார் இருப்பீர்கள் என்று. அக்கா வருவது வாரத்துக்கு ஒரு மணி நேரம். மற்ற நேரமெல்லாம் பிள்ளை நம் கையில்தான். தனியாக எக்சர்சைஸ் என்று உட்காரவே வேண்டாம், தூக்குவது, ஊட்டுவது, துணி மாற்றுவது, அதையே சரியாகச் செய்தால் பாதி வந்துவிடும் என்கிறார். நான் இடுப்பில் காலை அகட்டி, முகம் வெளியே பார்க்கிற மாதிரி வைக்கிறேன். அத்தை தோளில் சாய்த்துத் தூக்குகிறார், உடனே கால் பின்னிக்கொள்கிறது. மடியில் மல்லாக்கப் போட்டுச் சோறு ஊட்டினால் புரையேறுகிறது. நான் சொன்னால் மருமகள் பாடம் எடுக்கிறாள் என்று ஆகிவிடும். அதனால்தான் அவர் வந்து சொல்லட்டும் என்கிறேன்.

வள்ளி (10:44)
நியாயம்தான்

கோமதி ஆச்சி (10:46)
குரல் செய்தி 0:41

வள்ளி (10:49)
இடுப்பில் வைத்தால் இடுப்பு வலிக்கிறதாம், அதனால்தான் தோளாம். வேண்டுமென்றே செய்யவில்லையாம். அப்புறம் தான் வாங்கின சக்கர வாக்கரைப் பரணில் போட்டது யார் என்று கேட்கிறார்.

முத்துலட்சுமி (10:52)
இடுப்பு வலி இதுவரைக்கும் எனக்குத் தெரியாதே. அத்தை, சனிக்கிழமை அதையே அவரிடம் சொல்லுங்கள். உட்கார்ந்துகொண்டே பிடிக்க வழி இருக்கும். வாக்கரைப் போட்டது நான்தான். அதில் விட்டால் நுனிக்காலில் நிற்கிறான்.

சங்கரி (10:53)
வாக்கர் கூடவே கூடாது. எப்படி என்றால்

இசக்கி (10:53)
அத்தை டைப்பிங்...

செல்வம் (10:58)
முத்து, போன வாரம் அந்த அக்கா என்னவோ எழுதிக்கொண்டு போனதாகச் சொன்னாயே?

முத்துலட்சுமி (11:06)
ஆமாம், ஆறு மாசத்தில் முகிலன் என்ன செய்ய வேண்டும் என்று ஆள் ஆளாகக் கேட்டார். அத்தை, நடக்க வேண்டும் என்றார். நான், நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டால் போதும், எனக்கு இரண்டு கையும் கிடைக்கும் என்றேன். தர்ஷினி, தம்பி தன்னோடு பந்து உருட்ட வேண்டும் என்றாள். அக்கா தர்ஷினி சொன்னதைத்தான் முதலில் எழுதினார். பந்து உருட்ட உட்காரவும் வேண்டும், மூடின கை திறக்கவும் வேண்டும், இரண்டு கையும் நடுவில் வரவும் வேண்டுமாம். அவளே தினமும் விளையாட்டாகச் செய்துவிடுவாள் என்றார்.

செல்வம் (11:08)
என் பிள்ளை

செல்வம் (11:08)
நான் வீடியோவில் வருகிறேன். 10 மணி என்றால் இங்கே 8:30. சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும்.

சங்கரி (11:15)
அந்த அக்காவை அனுப்புகிற ஆய்க்குடி அமர் சேவா சங்கத்துக்காரர்கள் அனுபவப்பட்டவர்கள். அதை ஆரம்பித்த ராமகிருஷ்ணன் 1975-இல் கடற்படைக்கு ஆள் எடுக்கும் உடல்தகுதித் தேர்வில் கீழே விழுந்து அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் போனவர். ஊருக்கே திரும்பி வந்து 1981-இல் ஆரம்பித்தார். வீட்டு ஆட்கள் எவ்வளவு முக்கியம் என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

முத்துலட்சுமி (11:20)
கணேசன் அத்தான், உங்களிடம் ஒரு வேலை. மூலை நாற்காலி ஒன்று வேண்டும். முதுகுப் பலகை இரண்டும் சுவர் மூலை மாதிரிச் சேர வேண்டும், அப்போதுதான் தோள் முன்னால் வரும். காலுக்கு நடுவில் ஒரு கட்டை, பாதம் தரையில் பட வேண்டும், முன்னால் சோற்றுத் தட்டு வைக்கப் பலகை. விளிம்பு எல்லாம் உருட்டித் தேய்த்து.

இசக்கி (11:21)
அக்கா கல்யாணத்துக்குச் செய்யச் சொன்ன பீரோ வளைகாப்புக்குத்தான் வந்தது. பார்த்து, சித்தி.

கணேசன் (11:22)
ஏலே, அது மரம் காயவில்லை. உங்கள் அப்பா இன்னும் பாக்கி தரவில்லை, அதையும் சொல்.

இசக்கி (11:22)
நான் மீட்டிங்கில் இருக்கிறேன்

கணேசன் (11:25)
முத்து, அளவு வேண்டும். பின்பக்கத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை, முழங்காலிலிருந்து குதிகால் வரை, இடுப்பு அகலம். பிளைவுட் இருக்கிறது. தேக்கு என்று சொல்லாதே, விலை தெரியுமா.

முத்துலட்சுமி (11:27)
சனிக்கிழமை அக்காவே அளந்து தருவார். நீங்களும் இருந்தால் நேரில் கேட்டுக்கொள்ளலாம்.

கணேசன் (11:28)
சனி நான் வேனில் இல்லையா?

வள்ளி (11:30)
அத்தை மனசு கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மொட்டையை ஞாயிற்றுக்கு மாற்றலாமா? இல்லை, அவர்கள் போன பிறகு 12 மணிக்குக் கிளம்பலாமா?

கணேசன் (11:31)
கோவில் மலைக்காட்டுக்குள் இருக்கிறது, பாபநாசம் வனத்துறை செக்போஸ்டில் மத்தியானத்துக்கு மேல் விடுவானோ என்னவோ. சாயங்காலத்துக்குள் மலையிலிருந்து இறங்க வேண்டும்.

மாரியப்பன் (11:34)
ஞாயிறு என்றால் நானும் வருவேன். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் மொட்டை என்பது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

வள்ளி (11:35)
ஐயோ ஆமாம்

கோமதி ஆச்சி (11:37)
குரல் செய்தி 1:15

இசக்கி (11:40)
கேட்டுவிட்டேன். ஞாயிறு பரவாயில்லை, ஆனால் வேன்காரனிடம் கொடுத்த அட்வான்ஸ் போய்விடக் கூடாது என்கிறார்.

முத்துலட்சுமி (11:41)
அப்போது சனி காலை அத்தை வீட்டில் இருப்பார் என்று எடுத்துக்கொள்கிறேன். வேறு யார்?

சங்கரி (11:42)
நான் வருகிறேன். பேச மாட்டேன், கேட்க மட்டும்தான்.

செல்வம் (11:42)
அக்கா, நீயா?

கணேசன் (11:44)
முதலில் வேன்காரன் நம்பரை யாராவது போடுங்கள். எவ்வளவு கொடுத்திருக்கிறது?