எம்.ஆர்.பி.க்கு (பாக்கெட்டில் அச்சடித்த அதிகபட்ச விலைக்கு) மேல் காசு வாங்கிய கடை, உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

காரைக்குடிக்காரன்:
போன சித்திரை வெயில், பஸ் ஸ்டாண்ட் கடை. அப்பத்தாவுக்குத் தண்ணீர் பாட்டில். போட்டிருந்தது 20, கேட்டது 25. "கூலிங் சார்ஜ், ஆச்சி. கரண்ட் பில்லு யாரு கட்டுறது?" என்றார் கடைக்காரர். விலை அச்சடித்த இடத்தைக் கட்டைவிரலால் மறைத்தபடியே பாட்டிலை நீட்டினார். அப்பத்தா பேசாமல் சுருக்குப்பையைப் பிரித்து இன்னொரு அஞ்சு ரூபாயைத் துழாவி எடுத்தார். அந்தக் கட்டைவிரலை நினைத்தால் இப்பவும் எரிகிறது. எல்லா வரியும் சேர்ந்ததுதானே அந்த விலை?

கானாடுகாத்தான் வாசி:
பெட்டிக்கடைக்காரர் பாவம், விடுங்கள். பழைய வீட்டை ஓட்டலாக்கிய இடம் ஒன்றில் அதே பாட்டிலுக்கு மூன்று மடங்கு போட்டார்கள். கேட்டதற்கு, மேனேஜர் நின்ற இடத்திலேயே கோர்ட் தீர்ப்பைச் சொன்னார். உண்மைதான். ஓட்டலில் உட்காரும் இடம், பரிமாறுவது எல்லாம் சேர்ந்த சேவை என்பதால் எம்.ஆர்.பி. கட்டுப்படுத்தாது என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தேவகோட்டை அக்கா:
பாவம் பார்க்கிற விஷயமா தம்பி இது? ஓட்டல் வேறு, கடை வேறு. கடையில் குளிர வைத்ததற்கென்று தனிக் காசு கேட்கச் சட்டத்தில் இடமில்லை. எனக்கு நடந்தது சின்னதுதான், பிஸ்கட் பாக்கெட்டில் பழைய விலை மேல் புது ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டினால் அடியில் அஞ்சு ரூபாய் குறைவு. விலையைக் குறைக்க ஸ்டிக்கர் ஒட்டலாம், அதுவும் பழைய விலையை மறைக்காமல். ஏற்றுவதற்கு ஒட்டவே கூடாது. அதனால் முதலில் பில் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் ஜிபேயில் கட்டுங்கள், அதுவே சாட்சி. பாட்டிலைத் தூக்கிப் போடாமல் விலை தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். அப்புறம் 1915-க்குப் போன் போடுங்கள், நுகர்வோர் உதவி எண். நம் மாநிலத்தில் இதைப் பிடிப்பது தொழிலாளர் துறை. அங்கேயும் எழுதிக் கொடுங்கள். எடையளவுச் சட்டம் 2011-லேயே நடைமுறைக்கு வந்துவிட்டது, நாம்தான் கேட்பதில்லை.

புதுவயல்:
அக்கா, அவர் புகார் கொடுக்க வழி கேட்கவில்லையே. என் கதை தலைகீழ். பலகாரக் கடையில் டப்பாவிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுத்த சீப்புச் சீடைக்கு "எம்.ஆர்.பி. எங்கே?" என்று பின்னால் நின்றவர் கத்தினார். முன்கூட்டியே அடைத்த பாக்கெட்டுக்குத்தான் அது. கடைக்கார அம்மா தராசுத் தட்டைப் பிடித்தபடி கண் கலங்கி நின்றார்.

காரைக்குடிக்காரன்:
அக்கா, போட்டோ எடுக்கவில்லை. ஆனால் இந்த வாரம் அதே கடைக்குப் போகிறேன். 20 ரூபாய்தான் கொடுப்பேன்.