மகளின் கல்லூரி இன்டர்வியூ: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். நியூ ஜெர்சியில் பன்னிரண்டாவது படிக்கும் என் மகள் அயோவாவின் கிரின்னல் காலேஜுக்கு விண்ணப்பிக்கிறாள். மொத்தமே சுமார் 1,700 மாணவர்கள். முதல் செமஸ்டரில் வரும் டுடோரியல் என்ற சிறு குழு வகுப்பு ஒன்றுதான் எல்லோருக்கும் கட்டாயம், மற்ற பாடங்களை ஆலோசகரோடு பேசி அவரவரே தேர்ந்தெடுக்கலாம். அது அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இன்டர்வியூவும் கட்டாயமில்லை. ஆனாலும் போகட்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பிள்ளை கூச்ச சுபாவம். "உன்னைப் பற்றிச் சொல்லு" என்றால் இரண்டு வரியோடு நின்றுவிடுவாள். ஆனால் கொல்லையில் மில்க்வீட் செடியில் மோனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு வந்தால் போதும், எந்த இலையை எவ்வளவு தின்றது என்று நோட்டில் படம் போட்டு எழுதுவாள், கேட்டால் அரை மணி நேரம் பேசுவாள். அந்தக் காலேஜுக்கே சொந்தமாக புல்வெளி ஆராய்ச்சி நிலம் இருக்கிறது. இதை அவளாகவே பேச்சில் கொண்டுவரலாமா, அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டுமா?

கடைசியில் "எங்களிடம் ஏதாவது கேட்கணுமா?" என்பார்களாமே, அப்போது உங்கள் பிள்ளைகள் என்ன கேட்டார்கள்? பதிலை மனப்பாடம் செய்யவைக்க எனக்கு இஷ்டமில்லை. அவளுக்குப் பழக்கமில்லாத அக்கா, அண்ணா யாராவது வீடியோ காலில் ஒருமுறை பேசிப் பழக்கிவிட்டால் பெரிய உதவியாக இருக்கும். இன்பாக்ஸில் சொல்லுங்கள்.