ஃப்ளைட் சிமுலேட்டர்: நாப் (திருகுற குமிழ்) பெட்டி சிம்மோடயே வர்ற டிஃபால்ட் செஸ்னால ஓடுது, காசு குடுத்து வாங்குன ஆட்-ஆன் விமானத்துல ஓடல. உதவி வேணும்

பாயான்லெப்பாஸ்_04:
வணக்கம் எல்லாருக்கும். பினாங்குலேர்ந்து எழுதுறேன். ரொம்ப வருசமா மைக்ரோசாஃப்டோட பழைய ஃப்ளைட் சிமுலேட்டர் எஃப்எஸ்எக்ஸ்தான் ஓட்டிக்கிட்டிருந்தேன், இப்பத்தான் கம்ப்யூட்டர் மாத்தி அதுக்கப்புறம் வந்த எம்எஸ்எஃப்எஸ் 2020-க்கு வந்திருக்கேன். கூட்டாளி ஒருத்தன் ஆர்டுயினோ மெகா போர்டு (சின்ன எலக்ட்ரானிக் சர்க்யூட்) வெச்சு ஒரு சின்னப் பெட்டி செஞ்சு குடுத்தான், ரெண்டு டபுள் நாப், வெளில பெரிய வளையம் உள்ள சின்னது, அப்புறம் சிடிஐ பட்டன் (ஊசி ஜிபிஎஸ்ஸ காட்டணுமா ரேடியோவ காட்டணுமான்னு மாத்துறது), டைரக்ட்-டூ பட்டன் (ஒரு இடத்துக்கு நேரா போறதுக்கு), அவ்ளோதான். பெட்டியையும் சிம்மையும் இணைக்கற மொபிஃப்ளைட் சாஃப்ட்வேர்ல கோர்த்திருக்கேன். ஊசி மீட்டர் வெச்ச செஸ்னா 172-ல இருக்குற ஜிஎன்எஸ் 530-க்கு (கார்மின் கம்பெனியோட ஜிபிஎஸ்) அழகா வேலை செய்யுது.

போன வாரம் ரெண்டு எஞ்சின் பிஸ்டன் ஒன்னு காசு குடுத்து வாங்குனேன் (பேரு வேணாம், அவங்க தப்பா இல்லையான்னே தெரியல). அதுல ஜிடிஎன் 750 இருக்கு, கார்மினோட டச் ஸ்கிரீன் ஜிபிஎஸ். பிரச்சனை என்னன்னா நாப் திருகினா ஸ்கிரீன்ல ஒன்னுமே அசையல, மவுஸ்ல தொட்டா மட்டும் நகருது. சில நேரம் ஸ்கிரீனே கருப்பா இருக்கு. இதுக்கு மேல, பினாங்குலேர்ந்து லங்காவிக்கு பிளான் போட்டு ஆட்டோபைலட்ல நேவ் (ரூட்ட பிடிச்சுப் போற பட்டன்) அமுக்குனா விமானம் ஊதாக் கோட்ட (பிளான் போட்ட ரூட்ட) விட்டுட்டு எங்கயோ திரும்புது, ஸ்கிரீன்ல ஜிபிஎஸ்னுதான் எழுதியிருக்கு.

இன்னும் ரெண்டு கேள்வி. எஃப்எஸ்எக்ஸ்ல வாங்குன பழைய விமானங்கள அப்படியே இங்க போட முடியுமா? அடுத்து ஏர்ஏசியா, மாஸ் (மலேசியா ஏர்லைன்ஸ்) ரூட் ஓட்ட ஒரு ஜெட் வாங்கலாம்னு ஆசை, என் பெட்டி அதுல ஓடுமா? வாங்குறதுக்கு முன்னாடி கேட்டுக்கலாம்னு பாத்தேன், இப்பவே வீட்ல ஒரு மாதிரியா பாக்குறாங்க.

செந்தூல்_சிம்மர்:
வாங்க தம்பி. முதல்ல மூணு விஷயம் சொல்லுங்க. அந்த விமானத்தோட காக்பிட்டுக்குள்ள செட்டிங் மாத்துற டேப்லட் இருக்கும்ல, அதுல ஜிபிஎஸ் எதுன்னு தேர்ந்தெடுத்திருக்கீங்க? ஆட்-ஆன்லாம் போடுற கம்யூனிட்டி ஃபோல்டர்ல என்னென்ன கெடக்கு? மொபிஃப்ளைட்ல நாப்புக்கு என்ன ஈவென்ட் (சிம்முக்குப் போற கட்டளை) போட்டிருக்கீங்க?

இத ஏன் கேக்குறேன்னா, எம்எஸ்எஃப்எஸ்ல ஜிடிஎன் 750-ன்னு சொன்னா அது ஒரே பொருள் இல்ல. பிஎம்எஸ்50 செஞ்சது ஒன்னு, அதுல ஓசியும் இருக்கு, காசு கட்டுற பிரீமியமும் இருக்கு. டிடிஎஸ் செஞ்சது இன்னொன்னு, அது வேற ஜாதி, கார்மின் கம்பெனியே பைலட்டுங்களுக்கு விடுற பிசி டிரெய்னர் சாஃப்ட்வேர தனியா எறக்கி வெச்சாத்தான் ஓடும், சிம்முக்கு வெளில தனி புரோகிராமா ஓடி படத்த உள்ள அனுப்பும். பாக்க ரெண்டும் ஒன்னு போலவே இருக்கும், உள்ள சம்பந்தமே கெடையாது. நிறைய விமானத்துல ஜிஎன்எஸ் 530, பிஎம்எஸ்50, டிடிஎஸ் மூணையும் டேப்லட்லயே மாத்திக்கலாம்.

நாப் கதையும் இதுதான். 172-ல உங்க பெட்டி அனுப்புறது ஜிஎன்எஸ் 530-க்கான எச்-ஈவென்ட், அதாவது அந்தக் கருவிக்குன்னே இருக்குற கட்டளை. பிஎம்எஸ்50-க்கு அதோட சொந்த எச்-ஈவென்ட் பேரு வேற. டிடிஎஸ் எச்-ஈவென்ட்டையே எடுக்காது, எல்-வார் (ஆட்-ஆன் சொந்தமா வெச்சிருக்கற ஒரு மதிப்பு) வழியாத்தான் கேக்கும். ஒரே நாப்புக்கு மூணு பேரு. நீங்க 530-ன்னு கூப்பிட்டா 750 எப்படி திரும்பிப் பாக்கும்?

பாயான்லெப்பாஸ்_04:
அண்ணே நன்றி. டேப்லட்ல பாத்தேன், டிடிஎஸ்னு இருக்கு. ஆனா நான் எறக்குனது பிஎம்எஸ்50 ஓசி வெர்ஷன்தான், கார்மின் டிரெய்னர்லாம் போடவே இல்ல. அப்போ கருப்பு ஸ்கிரீன் இதனாலயா? கம்யூனிட்டில நாப்பது அம்பது இருக்கும், பாதி ஏர்போர்ட் சீனரி.

செந்தூல்_சிம்மர்:
அதேதான். இல்லாத புரோகிராம் படம் அனுப்பும்னு காத்துக்கிட்டு நிக்குது. டேப்லட்ல பிஎம்எஸ்50-க்கு மாத்துங்க, விமானத்த முழுசா வெளில போய் திரும்ப லோட் பண்ணுங்க, பறந்துக்கிட்டே மாத்துனா சில விமானம் ஏத்துக்காது.

டிடிஎஸ் வாங்கணுமான்னு அடுத்து கேப்பீங்க. நெசமான ஜிடிஎன்ல கத்துக்கணும்னா அதுக்கு நிகர் இல்ல, ஏன்னா ஓடுறது கார்மினோட சாஃப்ட்வேரேதான். ஆனா அதோட நேவ் டேட்டா (ரூட், ஏர்போர்ட் விவரம்) டிரெய்னருக்குள்ளேர்ந்து வருது, நீங்க அந்த டேட்டா விக்கிற நேவிகிராஃப்புக்கு சந்தா கட்டி 28 நாளைக்கு ஒரு தடவ புது ஐராக் (டேட்டாவோட புது பதிப்பு) ஏத்துனாலும் அதுக்கு போகாது. பிஎம்எஸ்50 சிம்மோட டேட்டாவையே படிக்குது, நேவிகிராஃப் போட்டா அதுவும் சேந்து புதுசாயிடும். சும்மா லங்காவி, ஈப்போ, கோத்தா பாருன்னு சுத்துறதுக்கு பிஎம்எஸ்50 தாராளம்னு என் கணக்கு.

நாப்புக்கு மொபிஃப்ளைட்லயே ஹப்ஹாப் பிரிசெட் (ரெடியா எழுதி வெச்ச ஈவென்ட்) லிஸ்ட் இருக்கு, தேடுற பெட்டில ஜிடிஎன் 750-ன்னு அடிச்சா வரும். 172-க்கு ஒரு கான்ஃபிக் ஃபைல், இதுக்கு ஒன்னுன்னு தனித்தனியா சேவ் பண்ணி வைங்க.

சுபாங்_ஸ்பாட்டர்:
இதுக்குத்தான் சொல்றது, எக்ஸ்-பிளேன் 12-க்கு (அது வேற கம்பெனி சிம்) வந்துடுங்கன்னு. ஸிபோங்கற 737 விமானம் ஓசிலயே கெடைக்குது, காசு குடுத்து வாங்குறதுக்கு ஈடா இருக்கும் 😄

செந்தூல்_சிம்மர்:
வந்துட்டார்யா. பாஸ், அங்க மட்டும் இந்தத் தலைவலி இல்லையா? எக்ஸ்-பிளேன் 11-க்கு வாங்குனத 12-ல போட்டா கண்ணாடி, லைட்டு எல்லாம் பல்ல இளிக்குதுன்னு போன மாசம் புலம்புனது யாரு?

சுபாங்_ஸ்பாட்டர்:
சரி சரி. அது உண்மைதான், 12-க்குன்னு அப்டேட் ஆயிருக்கான்னு பாத்துத்தான் வாங்கணும். புது மேக் வெச்சிருக்கறவங்களுக்கு இன்னொன்னு, விமானத்துக்குள்ள வர்ற பிளகின் ஆப்பிள் சிப்புக்குன்னு செஞ்சதா இருக்கணும், இல்லன்னா சிம்மையே ரொசெட்டால (பழைய இன்டெல் சாஃப்ட்வேர மாத்தி ஓட்டுறது) ஓட்டணும், ஃபிரேம் அடிவாங்கும். தம்பி விண்டோஸ்தானே, அவருக்கு இது வேணாம்.

எஃப்எஸ்எக்ஸ் கேள்விக்கு யாரும் பதில் சொல்லல. தம்பி, அது வேலைக்கு ஆகாது. எஃப்எஸ்எக்ஸ் 2006-ல வந்த 32 பிட் சிம், காசு குடுத்து வாங்குன விமானத்துல காக்பிட் மீட்டர் பெரும்பாலும் அந்த 32 பிட்டுக்கு எழுதுன டிஎல்எல், காவ்ங்கற புரோகிராம் ஃபைல். எம்எஸ்எஃப்எஸ் அத தொடாது, அங்க மீட்டர்லாம் வாஸம் (சிம்முக்குள்ள ஓடுற புது வகை புரோகிராம்) இல்லன்னா எச்டிஎம்எல். சில பேரு ஃபோல்டர மாத்தி எழுதி உள்ள திணிப்பாங்க, வெளில பாக்க விமானம் வரும், பறக்கவும் செய்யும், உள்ள போய் உக்காந்தா டேஷ்போர்டு வெறிச்சோடிக் கெடக்கும். ஆசைப்பட்டு வாங்குனதுன்னு எனக்கும் தெரியும், என்கிட்டயும் ஒரு டிரைவ் நெறைய இருக்கு. அந்த பழைய கம்ப்யூட்டர விக்காதீங்க, அதுலயே ஓட்டுங்க.

தஞ்சோங்தோக்கோங்_மலர்:
ஜெட் கேள்விக்கு நான் வரேன். தம்பி, ஏர்பஸ்ஸோ போயிங்கோ வாங்குனா உங்க டபுள் நாப் பெட்டிக்கு அங்க வேலையே கம்மி, ஏன்னா பிளான் அடிக்கறது எம்சிடியுல (காக்பிட்ல ஸ்கிரீனும் கீபோர்டும் சேந்த பெட்டி, போயிங்ல சிடியும்பாங்க), அது பூரா பட்டன். பெட்டில இருக்குற நாப்ப ஸ்பீடு, ஹெடிங், ஆல்டிடியூடு திருகறதுக்கு வேணும்னா வெச்சுக்கலாம். அதுலயும் விமானத்துக்கு விமானம் வழி வேற. ஃபிளைபைவயர், ஃபெனிக்ஸ்னு ரெண்டு பேரு செஞ்ச ஏர்பஸ்லயும் நிறைய சுவிட்சு சொந்த எல்-வார்லதான் போகும், சிம்மோட பொது ஈவென்ட்ட மட்டும் நம்புனா பாதி சுவிட்சு செத்துக் கெடக்கும். போயிங் ஆட்-ஆன் விக்கிற பிஎம்டிஜி சொந்தமா எஸ்டிகே (வெளிப் பெட்டிய இணைக்கற வழி) வெச்சிருக்கு, பெட்டில டிஸ்பிளே, லைட்டு இருந்தா அதோட ஆப்ஷன்ஸ் ஃபைல்ல டேட்டா பிராட்காஸ்ட் ஆன் பண்ணணும், பண்ணலன்னா ஒன்னும் எரியாது.

அதனால காசு குடுக்கறதுக்கு முன்னாடி ஃபிளைபைவயர் ஏ32என்எக்ஸ் எறக்கி ஓட்டிப் பாருங்க, ஓசிதான், ஏ320 நியோ. உங்க பெட்டி அதுல எப்படி நடந்துக்குதுன்னு பாத்தாலே ஏர்பஸ் உங்களுக்கு ஒத்துவருமான்னு தெரிஞ்சிடும். பிடிச்சிருந்தா அப்புறம் ஃபெனிக்ஸ், ஆனா அது பழைய எஞ்சின் போட்ட ஏ320, ஏர்ஏசியால ரெண்டு மாதிரியும் பறக்குது, எது வேணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க. மாஸ்னா பிஎம்டிஜி 737-800 சரியா வரும்.

வெளிநாட்டுலேர்ந்து எம்சிடியு பெட்டி வரவழைக்கறதுக்கு முன்னாடி ஒன்னு: ஃபிளைபைவயர், ஃபெனிக்ஸ் ரெண்டுலயும் எம்சிடியுவ பழைய டேப்லட் பிரவுசர்லயே திறந்து கையால அமுக்கலாம். நான் பிள்ளைங்க விளையாடி ஸ்கிரீன்ல கீறல் விழுந்த டேப்லட்ட டேபிள்ல சாய்ச்சு வெச்சிருக்கேன், நல்லாவே போகுது.

அப்புறம் ஃபயர்ஃப்ளை ஏர்லைன் ரூட் ஓட்டணும்னு ஆசை இருந்தா, சுபாங்குல நாம பாத்துப் பழகுன அவங்களோட ஏடிஆர் 72-500, சிம்முக்கு மைக்ரோசாஃப்ட் விட்டது 600. கலர் அடிச்சு வெளில ஒப்பேத்தலாம், காக்பிட் வேற.

பாயான்லெப்பாஸ்_04:
அக்கா, அண்ணே, ரொம்ப நன்றி. டேப்லட்ல பிஎம்எஸ்50-க்கு மாத்துனேன், கருப்பு ஸ்கிரீன் போச்சு. ஹப்ஹாப்ல தேடி நாப்பெல்லாம் மாத்தினேன், ஆனா இப்ப ஒரு நாப்பும் ஓடல, 172-லயும் ஓடல! சீனரி ஏதாவது இடிக்குதான்னு பாக்க கம்யூனிட்டி ஃபோல்டர காலி பண்ணிட்டுத்தான் சிம்ம திறந்தேன்.

செந்தூல்_சிம்மர்:
மொபிஃப்ளைட்டும் அதுக்குள்ளதானே ஒரு மாட்யூல் வெச்சிருக்கு. அந்த வாஸம் மாட்யூல் ஃபோல்டர திரும்ப உள்ள போடுங்க, அது இல்லாம எச்-ஈவென்ட்டும் போகாது, எல்-வாரும் போகாது. மத்தத எல்லாம் ஒன்னு ஒன்னா சேருங்க. எம்எஸ்எஃப்எஸ் 2024-க்கு போனாலும் இதே கததான், அங்க கம்யூனிட்டி ஃபோல்டர் தனி, மாட்யூல அங்கயும் போடணும்.

பாயான்லெப்பாஸ்_04:
ஓடுது அண்ணே!! சின்ன நாப்பு, பெரிய நாப்பு ரெண்டும். நேவ் மட்டும் இன்னும் கோட்ட பிடிக்கல. எறங்கறதுக்கு முன்னாடி பழகிப் பாக்கலாம்னு பினாங்கு ரன்வே 04 ஐஎல்எஸ் (ரன்வேக்கு வழிகாட்டுற ரேடியோ) ஃபிரீக்வென்சிய நேவ் 1 ரேடியோல ஏத்தியிருந்தேன், லங்காவி பக்கம் போகாம அந்தப் பக்கமே திரும்புது.

தஞ்சோங்தோக்கோங்_மலர்:
உங்க பெட்டில சிடிஐ பட்டன் இருக்குன்னு சொன்னீங்களே, அதுக்கு ஈவென்ட் மாத்துனீங்களா? 172-க்கு போட்ட பழசே இருந்தா, அது சிம்மோட ஜிபிஎஸ்/வீலாக் (ரேடியோ வழி) மாத்துற பொது ஈவென்ட்டா இருக்கும். அத அமுக்கும்போது ஆட்டோபைலட் வீலாக்குக்கு போயிருக்கும், உங்க விமானம் அத ஸ்கிரீனுக்கு சொல்லாம விட்டிருந்தா அங்க ஜிபிஎஸ்னே நிக்கும். அப்ப ஆட்டோபைலட் ஐஎல்எஸ் ஊசியத்தான் துரத்தும். பெட்டிய விட்டுட்டு ஸ்கிரீன்ல இருக்குற சிடிஐய மவுஸ்ல ரெண்டு தடவ அமுக்கிப் பாருங்க.

பாயான்லெப்பாஸ்_04:
அக்கா கைய குடுங்க. ரெண்டு தடவ அமுக்குனதும் டக்குன்னு ஊதாக் கோட்டுக்கு வந்துடுச்சு. பெட்டி பட்டனுக்கும் ஜிடிஎன்னோட ஈவென்ட்டையே போட்டுட்டேன், இப்ப ஸ்கிரீனும் ஊசியும் ஒன்னா மாறுது. ஏ32என்எக்ஸ் எறங்கிக்கிட்டு இருக்கு, எம்சிடியுவ டேப்லட்ல திறக்கறது மட்டும் எப்படின்னு ஒரு வரி சொல்லுங்க.

தஞ்சோங்தோக்கோங்_மலர்:
அவங்க இன்ஸ்டாலர்லயே சிம்பிரிட்ஜ்னு ஒன்னு இருக்கும், அதுதான் எம்சிடியுவ பிரவுசருக்கு அனுப்பும், அதையும் போட்டுடுங்க. கம்ப்யூட்டரும் டேப்லட்டும் ஒரே வைஃபைல இருக்கணும். ஃபயர்வால் கேட்டா அலோவ் குடுங்க.