ஊர் ஓட்டா, பெங்களூரு ஓட்டா? படிவம் போடும் முன் ஒரு நிமிஷம்

பெங்களூரில் குடியிருக்கும் அன்புள்ள தமிழ்நாட்டு ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

கையில் வாக்காளர் அட்டை இருந்தால் ஓட்டு இருக்கிறது என்று நம்மில் பலர் நிம்மதியாக இருக்கிறோம். பூத்தில் அட்டையைப் பார்ப்பது ஆள் யாரென்று தெரிந்துகொள்ளத்தான். ஓட்டைத் தருவது வாக்காளர் பட்டியல். அட்டை தொலைந்திருந்தாலும் பட்டியலில் பேர் இருந்தால் ஆதாரையோ பாஸ்போர்ட்டையோ காட்டிப் போட்டுவிடலாம். பேர் இல்லையென்றால் அட்டையைக் காட்டிப் பிரயோஜனம் இல்லை.

ஆகவே முதலில் பட்டியலைப் பாருங்கள். தேர்தல் ஆணையத்தின் வோட்டர்ஸ் டாட் இசிஐ டாட் கவ் டாட் இன் தளத்தில் பட்டியலில் தேடும் பக்கம் இருக்கிறது. 1950 என்ற எண்ணுக்கும் போன் செய்யலாம். அட்டை எண்ணை வைத்துத் தேடுவதே நல்லது: மூன்று ஆங்கில எழுத்து, ஏழு இலக்கம். டிஎன் என்று தொடங்கிச் சாய்கோடுகளோடு நீளும் பழைய எண் வைத்திருப்பவர்கள் அதை அடித்தால் ஒன்றும் வராமல் போகலாம். அதனால் பேர் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பேர், தகப்பனார் அல்லது கணவர் பேர், வயது, தொகுதி கொடுத்துத் தேடினால் புது எண்ணோடு வரும். கந்தசாமி ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதப்படுகிறார் என்பது நமக்குத் தெரியும். எல்லா விதத்திலும் தேடிப் பாருங்கள். கிடைத்ததும் தொகுதி, பாகம் எண் (பட்டியலில் நம் பூத்துக்குரிய பகுதியின் எண்), வரிசை எண் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலை முழுசாகச் சரிபார்க்கும் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கி, வீடு வீடாகப் படிவம் கொடுத்து வாங்கினார்கள். ஊரில் பூட்டிக் கிடந்த வீட்டுக்காரர்கள் அதற்குப் பிறகு ஒரு தடவையாவது பார்த்தே ஆகவேண்டும்.

அடுத்தது நம் சங்கத்தில் ஓயாமல் வரும் கேள்வி. "ஊர்ல சொந்த வீடு இருக்கே, ஓட்டும் அங்கேயே இருக்கட்டுமே?" 1950-ஆம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. சாதாரணமாக எங்கே குடியிருக்கிறோமோ அங்கேதான் ஓட்டு. வீடு சொந்தமாக இருப்பதால் மட்டும் அந்த ஊரில் குடியிருப்பதாக ஆகாது என்று 20-ஆம் பிரிவு சொல்கிறது. இரண்டு தொகுதியில் பேர் வைத்துக்கொள்ள 17-ஆம் பிரிவு விடாது. தெரிந்தே பொய் உறுதிமொழி கொடுத்தால் 31-ஆம் பிரிவின்படி ஒரு வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஊராட்சித் தேர்தலில் ஊர் ஓட்டு போய்விடுமே என்ற வருத்தம் நியாயமானது. ஆனால் இருபது வருடமாக இங்கே தண்ணீருக்கும் சாக்கடைக்கும் அல்லாடுகிற நாம், இந்தத் தொகுதியில் குரலே இல்லாமல் இருப்பது அதைவிடப் பெரிய இழப்பு.

ஓட்டை இங்கே மாற்றும்போதுதான் முக்கால்வாசிப் பேர் தவறு செய்கிறார்கள். புது ஊர், அதனால் புதுப் பதிவு என்று படிவம் 6 போட்டுவிடுகிறார்கள். அது முதல் தடவை சேர்பவர்களுக்கு. "என் பேர் வேறெந்தத் தொகுதியிலும் இல்லை" என்ற உறுதிமொழி அதிலேயே இருக்கிறது. ஏற்கெனவே எந்த ஊரில் பேர் இருந்தாலும் நமக்கு உரியது படிவம் 8. குடிமாற்றம், பேர் வயது திருத்தம், தொலைந்த அட்டைக்குப் பதில் வேறு, எல்லாம் 2022 ஆகஸ்ட் முதல் அந்த ஒரே படிவத்தில்தான். அட்டை எண் மாறாது. ஊரில் பேரை நீக்கிவிட்டார்கள் என்று பார்த்து உறுதியானால் மட்டும், இங்கே படிவம் 6.

படிவத்தில் கேட்பது சட்டமன்றத் தொகுதி. பெங்களூரு மத்தி, தெற்கு என்று மக்களவைத் தொகுதியை எழுதிவிடாதீர்கள். கம்மனஹள்ளி என்றால் சர்வக்ஞநகர், ஒயிட்ஃபீல்டு என்றால் மகாதேவபுரா. சந்தேகம் இருந்தால் பக்கத்து வீட்டு வாக்காளர் ஒருவரின் விவரத்தைக் கேட்டுப் பார்த்து எழுதுங்கள்.

விலாசச் சான்றில்தான் வாடகை வீட்டுக்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். இங்கே எல்லோரும் போடுவது முத்திரைத்தாளில் 11 மாத ஒப்பந்தம். படிவத்தில் உள்ள சான்றுகளின் வரிசையில் கேட்பது பதிவு செய்த வாடகைப் பத்திரம். இது அதில் சேராது. இந்த விலாசம் உள்ள ஆதார், வங்கி பாஸ்புக், பாஸ்போர்ட், அல்லது குறைந்தது ஒரு வருடமாக வரும் கேஸ், மின்சார, தண்ணீர் பில் இருந்தால் போதும். அதே வீட்டில் கணவரோ மனைவியோ ஏற்கெனவே வாக்காளராக இருந்தால் அவர் பேரில் உள்ள சான்றும் செல்லும். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் விடுதி விலாசத்திலோ பெற்றோர் வீட்டிலோ ஒன்றில் சேரலாம்.

இன்னொன்று, சின்னதாகத் தெரியும், பெரிய தொல்லை தரும். ஆங்கிலத்தில் பேரை அடித்ததும் பக்கத்துக் கட்டத்தில் கன்னட எழுத்து தானாக விழும். ஆங்கில 'டி' எழுத்தைப் பார்த்துக் கந்தசாமியைக் 'கண்டசாமி' ஆக்கிவிடலாம். கன்னடம் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டித் திருத்திவிட்டுப் பிறகு அனுப்புங்கள். கன்னடத்தில் இன்று ழகரம் இல்லை, தமிழரசிக்கு ளகரம்தான். இனிஷியலை ஆதாரில் உள்ளபடியே போடுங்கள். ஓரிடத்தில் இனிஷியல், ஓரிடத்தில் அப்பா பேர் முழுசாக என்றால் இரண்டு ஆளாகிவிடுவோம்.

அனுப்பியதும் வரும் குறிப்பு எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். பகலில் எல்லோரும் வேலைக்குப் போய் வீடு பூட்டியிருந்து, எதிர்வீட்டாருக்கும் நம்மைத் தெரியவில்லை என்றால் விண்ணப்பம் அங்கேயே விழுந்துவிடும். வீட்டுச் சொந்தக்காரரிடமும் எதிர்வீட்டிலும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தேர்தல் அறிவித்தபின் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது: நம் விண்ணப்பத்தின் மேல் யாராவது ஆட்சேபம் சொல்ல ஏழு நாள் விடவேண்டும், வேட்புமனுவின் கடைசி நாள் தாண்டினால் பட்டியலில் கைவைக்க முடியாது.

பிள்ளைகளுக்கு 18 நிறைந்ததா என்று பார்க்க ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகள்தான் கணக்கு. 17 முடிந்ததுமே படிவம் 6 கொடுத்து வைக்கலாம். துபாய், சிங்கப்பூரில் இந்தியப் பாஸ்போர்ட்டோடு இருப்பவர்களுக்குப் படிவம் 6ஏ, பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் விலாசத்தில். அவர்களுக்கு அட்டை தரமாட்டார்கள். தேர்தலன்று அசல் பாஸ்போர்ட்டோடு நேரில் வந்துதான் போடவேண்டும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் தொகுதி, பாகம் எண், வரிசை எண்ணை ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். எண் கிடைக்காதவர்களுக்கு அங்கேயே உட்கார்ந்து படிவத்தை நிரப்பிவிடலாம். சான்றின் நகலும் போட்டோவும் மறக்க வேண்டாம்.