பயனர் சொடுக்கும் நெடுவரிசைப்படி பட்டியலை வரிசைப்படுத்துவது எப்படி?

கேட்டவர்:
எங்கள் ஊர்ப் படிப்பகத்தின் நூற்பட்டியலை பிஎச்பி என்னும் நிரல்மொழி, போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளம் ஆகியவற்றைக் கொண்டு அமைத்து வருகிறேன். நூலின் பெயர், ஆசிரியர், வெளியான ஆண்டு ஆகிய மூன்றில் வாசகர் எதைச் சொடுக்கினாலும் பட்டியல் அதன்படி மாற வேண்டும். எஸ்கியூஎல் இன்ஜெக்ஷனுக்கு (பயனர் தரும் சொல்லுக்குள் தரவுத்தளக் கட்டளையை ஒளித்துவைக்கும் தாக்குதலுக்கு) அஞ்சி, வினவலில் (தரவுத்தளத்துக்கு அனுப்பும் கட்டளையில்) வரிசையைக் குறிக்கும் ‘ஆர்டர் பை’ என்பதற்குப் பின் கேள்விக்குறி இட்டு, நெடுவரிசையின் பெயரை அளவுருவாக, அதாவது அந்த இடத்தை நிரப்பத் தனியே தரும் மதிப்பாக, அனுப்புகிறேன். பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. ஆனால் பட்டியல் இருந்த இடத்தைவிட்டு அசைவதே இல்லை.

முதல் மறுமொழி:
அளவுருவாக மதிப்பை மட்டுமே அனுப்ப முடியும். நெடுவரிசையின் பெயரையோ ஏறுவரிசை, இறங்குவரிசை என்னும் சொற்களையோ அனுப்ப முடியாது. நீங்கள் அனுப்பும் பெயர் தரவுத்தளத்துக்கு வெறும் எழுத்துச்சரம். எல்லா வரிக்கும் அதே சரத்தை வைத்து ஒப்பிட்டால் எது முந்தும், எது பிந்தும்? ஆகவே அனுமதிக்கப்பட்ட பெயர்களை பிஎச்பியில் ஓர் அணியாக (திறவுகோலும் அதற்குரிய மதிப்புமாக அமைந்த பட்டியலாக) எழுதி வையுங்கள். இணைய முகவரியில் வரும் சொல் அந்த அணியின் திறவுகோலாக மட்டும் பயன்பட வேண்டும். வினவலில் சேர்வது நீங்களே எழுதிவைத்த நெடுவரிசைப் பெயராக இருக்க வேண்டும். திறவுகோல் அணியில் இல்லையென்றால் இயல்பான வரிசைக்குத் திரும்பிவிடலாம்.

இரண்டாம் மறுமொழி:
வினவலைத் துண்டுதுண்டாக ஒட்டுவது எனக்கு உவப்பானதன்று. ‘ஆர்டர் பை’க்குள், நிபந்தனைக்கேற்ப மதிப்பைத் தேரும் ‘கேஸ்’ எழுதினால் வினவல் மாறாமலே இருக்குமே?

முதல் மறுமொழியாளர்:
இருக்கும். ஆனால் ஆண்டு எண்ணாகவும் பெயர் எழுத்தாகவும் இருப்பதால், இரண்டையும் ஒரே ‘கேஸி’ல் வைத்தால் தரவுவகை பொருந்தவில்லை என்று போஸ்ட்கிரெஸ் மறுத்துவிடும். வகைக்கு ஒன்றும் திசைக்கு ஒன்றுமாகப் பிரித்து எழுதத் தொடங்கினால், ஆறு மாதம் கழித்து எழுதியவருக்கே அது விளங்காது. ஒட்டப்படும் துண்டு நம் கையால் எழுதியது என்னும்போது அச்சத்துக்கு இடமில்லை.

கேட்டவர்:
அணி முறையில் சரியாக வருகிறது, நன்றி. இன்னும் இரண்டு சிக்கல்கள் உள்ளன. இறங்குவரிசையில் ஆண்டைக் கேட்டால், ஆண்டு பதிவாகாத பழைய நூல்களெல்லாம் உச்சியில் வந்து நிற்கின்றன. பெயர்வரிசையிலோ ‘மறை’ முன்னும் ‘மழை’ பின்னுமாக வருகின்றன. அகராதியில் ழகரம்தானே முதலில் வரும்?

மூன்றாம் மறுமொழி:
போஸ்ட்கிரெஸ் வெற்று மதிப்பை எல்லாவற்றையும்விடப் பெரியதாகக் கொள்வதால் முதல் சிக்கல் எழுகிறது. வெற்று மதிப்புகளைக் கடைசியில் வைக்கச் சொல்லும் ‘நல்ஸ் லாஸ்ட்’ என்பதைச் சேர்த்தால் தீரும். இரண்டாவது, யூனிகோடு முறை எழுத்துகளுக்குத் தந்துள்ள குறியெண்களின் வரிசையால் வருவது. அதில் ர, ற, ல, ள, ழ, வ என்று எழுத்துகள் அமைந்துள்ளன. புள்ளியும் உயிர்க்குறிகளுக்குப் பின்னரே வருவதால் ‘க்’ என்பது ‘கௌ’வுக்கும் பின்னே போய்விடுகிறது. போஸ்ட்கிரெஸின் பத்தாம் பதிப்பு முதல், அந்தந்த மொழியின் அகரவரிசையை அறிந்த ஐசியு என்னும் நிரலகத்தின் ஒப்பீட்டு விதிகளைப் பயன்படுத்தலாம். பெயர் நெடுவரிசைக்குப் பின், ஒப்பீட்டு விதியைக் குறிக்கும் ‘கொலேட்’ இட்டு, ‘டிஏ-எக்ஸ்-ஐசியு’ என்பதை இரட்டை மேற்கோளுக்குள் எழுதுங்கள்.

பக்கம் பக்கமாகக் காட்டுகிறீர்கள் என்றால், எந்த வரிசையானாலும் இறுதியில் நூலின் அடையாள எண்ணையும் சேர்த்துவிடுங்கள். ஒரே ஆண்டில் வெளியான நூல்களுக்குள் எது முந்தும் என்பதற்கு உறுதியில்லாததால், முதல் பக்கத்தில் கண்ட நூலே இரண்டாம் பக்கத்திலும் தலைகாட்டலாம்; வேறொன்று எங்கும் வராமலே போகலாம். பெயருக்கு இன்டெக்ஸ் (தேடலையும் வரிசைப்படுத்தலையும் விரைவாக்கும் சுட்டுப்பட்டியல்) வைத்திருந்தால் அதையும் இதே ‘கொலேட்’ விதியுடன் மீண்டும் உருவாக்குங்கள். விதி வேறானால் இந்த வரிசைக்கு அந்த இன்டெக்ஸ் பயன்படாது.