பொருள்: எந்திரத்துக்கு அடியில் வைக்கும் சக்கரச் சட்டம் – தமிழில் என்ன?

காரைக்குடி, தச்சுப் பயிற்சி ஆசிரியர்:
அனைவருக்கும் வணக்கம். பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, ஒரு சொல் இடிக்கிறது. பட்டை ரம்பம், இழைப்பு எந்திரம் மாதிரி கனமானவற்றைச் சின்னப் பட்டறையில் ஒரே ஆள் நகர்த்த, அடியில் சக்கரம் வைத்த மரச்சட்டம் செய்யச் சொல்லிக் கொடுக்கிறோம். 18 மி.மீ. பிளைவுட்டை இரண்டடுக்காக ஒட்டி, நான்கு மூலையிலும் காஸ்டர் என்னும் சின்னச் சக்கரம் பூட்டினால் குறைந்த செலவில் முடியும். இரண்டு நேராக மட்டும் ஓடும்; மற்ற இரண்டும் எந்தப் பக்கமும் திரும்பும், பிரேக் உண்டு. இதை ‘நகர்பீடம்’ என்று எழுதியிருக்கிறேன். சரியா?

பள்ளத்தூர், மொழிபெயர்ப்பாளர்:
வினைத்தொகை என்பதால் ‘ப்’ போடாமல் விட்டது சரி. ஆனால் பிழை திருத்துபவர் ‘நகர்ப்பீடம்’ ஆக்கிவிடுவார். அப்புறம் நகரத்தின் பீடம் என்று பொருள் மாறிவிடும். அதுவும் நகரத்தார் ஊரில்! ‘உருளிப்பீடம்’ என்றும் யோசித்தேன். நம் பக்கம் உருளி என்றால் அடுப்பில் ஏறும் பாத்திரம். வேண்டாம்.

தேவகோட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
பீடம் வடசொல். நம்மிடமே சொல் இருக்கும்போது அது எதற்கு? பழந்தமிழில் கால் என்றால் சக்கரம் என்றும் பொருள் உண்டு. ‘கடலோடா கால்வல் நெடுந்தேர்’ என்கிறது குறள் (496). செல்வம் ‘சகடக்கால் போல வரும்’ என்கிறது நாலடியார். 667ஆம் குறளில் ‘உருள்பெருந்தேர்’. உருள், கால் இரண்டையும் சேர்த்தால் உருள்கால். அதன்மேல் அமரும் சட்டம் உருள்காற்சட்டம்.

பள்ளத்தூர்:
ஐயா, பையன்கள் அதை ‘காற்சட்டை’ என்றுதான் வாசிப்பார்கள்.

கானாடுகாத்தான், மரவேலை செய்பவர்:
பட்டறையில் நாங்கள் வீல் ஸ்டாண்டு என்போம். பீடம் சாமிக்கு. பெயர் எதுவானாலும் இதைப் பாடத்தில் சேருங்கள்: சக்கரம் வாங்கும்போது எந்திரத்தின் எடையை நாலால் வகுக்கக்கூடாது, மூன்றால் வகுக்க வேண்டும். தரை கொஞ்சம் ஏறியிறங்கி இருந்தாலும் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும். மற்ற மூன்றுதான் தாங்கும். 150 கிலோ எந்திரம் என்றால் ஒவ்வொன்றும் 50 கிலோவாவது தாங்க வேண்டும். பட்டை ரம்பத்துக்குத் தலைக்கனம் அதிகம், அதனால் சக்கரங்களைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிப் பூட்டி, எந்திரத்தைத் தாழ உட்கார வையுங்கள். ஆத்தங்குடிக் கல் போட்ட தளத்தில் இரும்புச் சக்கரம் கூடவே கூடாது, கீறிவிடும். ரப்பர் போடுங்கள்.

காரைக்குடி:
அண்ணே, அத்தனையும் சேர்த்துவிட்டேன். ‘நகர்தாங்கி’ எப்படி? சுமைதாங்கி எல்லோருக்கும் தெரிந்த சொல்தானே.

பள்ளத்தூர்:
பொறியியல் நூல்களில் தாங்கி என்றால் பேரிங். இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் குழப்பம். பிரேக்குக்கு ‘முட்டுக்கட்டை’ போடலாமா? தேர்ச் சக்கரத்துக்குப் போடுவதுதானே.

கானாடுகாத்தான்:
அது வேறு, இது வேறு. பிரேக் சக்கரத்தோடு இருப்பது, முட்டுக்கட்டை தனியாகக் கொண்டுவந்து வைப்பது. பிரேக் போட்ட பிறகும் திரும்பும் சக்கரத்தில் லேசாக ஆட்டம் இருக்கும். ரம்பம் ஓடும்போது அந்த ஆட்டம் ஆபத்து. அதனால் சட்டத்துக்கு அடியில் ஆப்பு வடிவில் கட்டை செருகுவோம். அதைத்தான் முட்டுக்கட்டை என்று சொல்ல வேண்டும். பிரேக் பிரேக்காகவே இருக்கட்டும்.

காரைக்குடி:
நேரம் இல்லை. ‘சக்கர அடிச்சட்டம்’ என்று போடுகிறேன். காஸ்டர் என்ற சொல்லை மாற்றவில்லை. கடையில் போய்ப் பையன் உருள்கால் கேட்டால் எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை.

தேவகோட்டை:
சட்டத்துக்கு உங்கள் சொல்லே இருக்கட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. காஸ்டரை அப்படியே விட்டுவிட நான் சம்மதிக்கவில்லை. கடைக்காரர் சொல்லாத சொல்லைப் பாடநூலும் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது? முதல் இடத்தில் ‘உருள்கால் என்னும் காஸ்டர்’ என்று ஒரே ஒரு முறை எழுதுங்கள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நேரம் இருக்கிறது.