ஆறு பூஜ்யத்தை நம்பிக் கெட்ட கதை

காட்பாடியில் படித்தபோது நடந்தது. இரண்டு அலுமினியத் துண்டுகள், நடுவே மெல்லிய எபாக்ஸிப் பசை. மொத்தமே புளியங்கொட்டை அளவுதான். தட்டினால் அது எந்தெந்த வேகத்தில் தானாக அதிரும், அதாவது அதன் இயல்பு அதிர்வெண்களைக் கணக்கிட வேண்டும். 1991-இல் விஷர், மிக்லியோரி என்ற இயற்பியலாளர்களின் குழு வெளியிட்ட முறையை எடுத்துக்கொண்டேன். இடப்பெயர்ச்சியை எக்ஸ், ஒய், இசட் அடுக்குகளின் பெருக்கல்களாக எழுதி, ரேலே-ரிட்ஸ் வழியில் (ஆற்றலைக் கொண்டு தோராய விடை காண்பது; விடை உண்மைக்குக் கீழே போகாது) அணியாக்கித் தீர்ப்பது. அடுக்குகளின் கூட்டுத்தொகை 10 வரை போனால் 286 சார்புகள். மூன்று திசைக்கும் சேர்த்து 858.

எதிலும் கட்டப்படாத பொருளுக்கு முதல் ஆறு விடையும் பூஜ்யமாக வர வேண்டும்: மூன்று நகர்வு, மூன்று சுழற்சி. எனக்கு அச்சுப் பிசகாமல் வந்தது. அந்தச் சந்தோஷத்தில் லேப் முழுக்க டீ வாங்கிக் கொடுத்தேன்.

அளந்து பார்த்தால் ஏழாவதிலிருந்தே கணக்கு எங்கோ உயரத்தில் நிற்கிறது. 10-ஐ 12 ஆக்கினேன், 14 ஆக்கினேன். ஒவ்வொரு தடவையும் இறங்கியதே தவிர நிலைக்கவில்லை. அதற்கு மேல் ஏற்றினால், அணியைக் காரணிகளாகப் பிரிக்கும் சோலெஸ்கி என்ற படி படுத்துவிட்டது. பெரிய அடுக்குகள் ஒன்றுபோல் ஒன்று ஆகிவிடுகின்றன. ஒன்றோடொன்று குழம்பாத லெஜாண்டர் பல்லுறுப்புக்கோவைகளுக்கு மாறியதும் எழுந்துகொண்டது. ஆனால் விடை இறங்குவது நிற்கவில்லை.

கோளாறு பசையில். இடப்பெயர்ச்சி ஒட்டுப்பரப்பில் அறுந்துபோகாது, ஆனால் அதன் சரிவு சட்டென்று முறியும். மெத்தென்ற எபாக்ஸிதான் அதிகம் இழுபடுகிறது. வழவழவென்று ஓடும் பல்லுறுப்புக்கோவைக்கு முறியத் தெரியாது. அதனால் பொருள் இருப்பதைவிட விறைப்பாகத் தெரிகிறது, ரிட்ஸ் விடையும் மேலேயே தொங்குகிறது. பூஜ்யங்கள் மட்டும் சரியாக வந்ததே என்றால், நகர்வுக்கும் சுழற்சிக்கும் மாறிலியும் முதல் அடுக்கும் போதும். பசை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன! இசட் திசையில் தகடு, பசை, தகடு என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் சார்பு வைத்து, எல்லையில் மதிப்பை மட்டும் பொருத்தியதும் அடங்கியது.

*

நான் சறுக்கியது வேறு இடம். செவ்வகக் கட்டிக்குச் சமச்சீரால் அணி எட்டுத் துண்டாகும் என்று ஒரு பழைய கணினி நிரலை அப்படியே எடுத்துப் போட்டேன். என் கட்டியில் மேல்தகடு மெல்லியது, கீழ்த்தகடு தடிமன். மேல்-கீழ் சமச்சீர் அங்கேயே போச்சு. நான்கு துண்டுதான் ஆகும். இரண்டு வாரம் வீண்.

*

நான் வேலூர்தான். கணக்கு சரியாக இருந்தும் அளவீடு காலையில் ஒன்று, மதியம் ஒன்று. கோடை, ஏசி இல்லாத அறை. சூட்டில் எபாக்ஸி இளகி அதிர்வெண் இறங்கியது. வெப்பமானியைப் பக்கத்தில் வைத்த பிறகுதான் புரிந்தது. அம்மா எங்கள் பக்கத்துக் கரிகிரி ஊர்ப் பானை வாங்கும்போது விரல் கணுவால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். 'கணீர்' என்றால் எடுப்பார், 'டொக்' என்றால் கீழே வைத்துவிடுவார். மெருகுப் பூச்சுள்ள அந்தப் பானையில் ஒரு சில்லை அறுத்து எடுத்து அளக்க எனக்கு ஆசை. கேட்டால் வீட்டில் அடி விழும்.